நாட்ஸ் கவுண்டி 1948–50: 102 கோல் அடித்து 11ஆம் இடம், 95 கோல் அடித்து சாம்பியன். எப்படி?

மேக்பை மாறன்

போருக்குப் பிந்தைய இங்கிலீஷ் கால்பந்து என்றால் எல்லாரும் ஸ்டான்லி மேத்யூஸ், மேட் பஸ்பி, இரண்டு வருடம் தொடர்ந்து பட்டம் வென்ற போர்ட்ஸ்மவுத் என்று மேலேயே நின்றுவிடுகிறார்கள். கீழே மூன்றாம் டிவிஷனில் நடந்த கூத்துகளைப் பேச ஆளே இல்லை. அதனால்தான் இந்த இழை.

நாட்டிங்காம் நகரத்து நாட்ஸ் கவுண்டி 1862ல் தொடங்கிய கிளப். கருப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. 1947 நவம்பரில் மூன்றாம் டிவிஷன் தெற்கின் கீழ்ப்பாதியில் கிடந்த இந்த அணி, செல்சியிலிருந்து டாமி லாட்டனை வாங்கியது. அன்றைக்கு இங்கிலாந்து அணியின் சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிப்பவர், அவர்தான். 1938–39ல் எவர்டன் லீக் பட்டம் வென்றபோது கோல் மழை பொழிந்த அதே மனிதர். விலை 20,000 பவுண்டு. 17,500 ரொக்கம், மீதிக்கு பில் டிக்சன் என்ற ஆட்டக்காரர் செல்சிக்குப் போனார். அன்றைய பிரிட்டிஷ் சாதனைத் தொகை அது. கொடுத்தது ஒரு மூன்றாம் டிவிஷன் கிளப்!

அந்த சீசனில் நாட்ஸ் 6ஆவது இடம். சரி, பாதியில் வந்தார், ஒப்புக்கொள்ளலாம். அடுத்த இரண்டு சீசன்தான் எனக்குப் புதிர்.

1948–49, சொந்த மைதானம்: 17 வெற்றி, 3 டிரா, 1 தோல்வி. 68 கோல் போட்டது, 19 வாங்கியது.
1948–49, வெளியூர்: 2 வெற்றி, 2 டிரா, 17 தோல்வி. 34 போட்டது, 49 வாங்கியது.
மொத்தம் 102 கோல், 43 புள்ளி, 11ஆம் இடம்.

1949–50, சொந்த மைதானம்: 17 வெற்றி, 3 டிரா, 1 தோல்வி. 60 போட்டது, 12 வாங்கியது.
1949–50, வெளியூர்: 8 வெற்றி, 5 டிரா, 8 தோல்வி. 35 போட்டது, 38 வாங்கியது.
மொத்தம் 95 கோல், 58 புள்ளி, சாம்பியன்.

சொந்த மைதானக் கணக்கு அச்சு அசலாக ஒன்றே. 17, 3, 1. மாறியது வெளியூர் மட்டும். லாட்டன் இரண்டு சீசனிலும் இருந்தார். ஆனால் இந்தப் பட்டத்தைப் பற்றி எங்கே படித்தாலும் "லாட்டன் வந்தார், வென்றார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடித்து நொறுக்கலாம், வாருங்கள்.

ஜூனியர் கோலி

அண்ணா, முதலில் ஒரு சின்ன சந்தேகம். 17 வெற்றி என்றால் அதிலேயே 51 புள்ளி வந்துவிடுமே? மொத்தம் 43 எப்படி?

மேக்பை மாறன்

தம்பி, அப்போது வெற்றிக்கு 2 புள்ளிதான். இங்கிலாந்தில் 3 புள்ளி முறை வந்தது 1981ல். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்து அதைக் கேட்பாய். மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் 22 அணி. மேலே போவது முதலிடம் மட்டும். இரண்டாவது வந்தால் கைதட்டல்தான். வடக்கில் ராதர்ஹாம் யுனைடெட் 1947, 1948, 1949 என்று தொடர்ந்து மூன்று வருடம் இரண்டாவதாக வந்து அங்கேயே உட்கார்ந்திருந்தது. கடைசியில் 1951ல்தான் விடுதலை.

வலது விங்

மாறன், நீங்கள் கேள்வி கேட்கும் விதத்திலேயே பதிலை வளைத்துவிட்டீர்கள். "லாட்டன் இரண்டு சீசனிலும் இருந்தார்" என்றீர்கள். இருந்தார், சரி. என்ன செய்தார் என்று பார்த்தீர்களா?

1948–49 லீக்கில் 36 ஆட்டம், 20 கோல். 1949–50 லீக்கில் 37 ஆட்டம், 31 கோல்.

இப்போது மொத்தத்திலிருந்து அவருடையதைக் கழியுங்கள். முதல் சீசனில் மற்ற எல்லாரும் சேர்ந்து 82. பட்டம் வென்ற சீசனில் 64. மற்றவர்கள் 18 கோல் குறைந்தார்கள், லாட்டன் 11 கோல் கூடினார். அணியைத் தோளில் தூக்கியது யார் என்று இதற்கு மேல் என்ன சொல்ல?

மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டே இங்கிலாந்துக்கும் ஆடியவர் அவர். நாட்ஸில் சேர்ந்த அதே வாரம் லண்டன் ஹைபரி மைதானத்தில் ஸ்வீடனுக்கு எதிராக இறங்கி பெனால்டியில் ஒரு கோல் போட்டார். 1948 மே மாதம் டூரினில் இத்தாலியை 4–0 என்று இங்கிலாந்து புரட்டியபோது நடுவில் நின்ற சென்டர் ஃபார்வர்ட், மூன்றாம் டிவிஷன்காரர். இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு "இவரால்தானா" என்று சந்தேகப்படுவது நன்றாகவா இருக்கிறது?

கணக்கு வாத்தியார்

கழித்தல் சரி. ஆனால் வலது விங் ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். வெளியூரில் போட்ட கோல் 34, அடுத்த வருடம் 35. ஒரு கோல்தான் கூடியது! லாட்டனின் 11 கோல் உயர்வு அணியின் வெளியூர்க் கணக்கில் எங்கேயும் தெரியவில்லை. பட்டம் கிடைத்ததோ வெளியூரில்.

வாங்கிய கோலைப் பாருங்கள். 49 ஆக இருந்தது 38 ஆயிற்று. 11 கோல் குறைவு. அந்த 11 கோலுக்கு 15 புள்ளி கிடைத்திருக்கிறது. 6 புள்ளி 21 ஆகிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. 1948–49ல் வெளியூரில் 21 ஆட்டம், மொத்த கோல் வித்தியாசம் வெறும் 15தான். 17 தோல்வி என்றவுடன் உதை வாங்கிய அணி என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி வராது. அந்த இரண்டு வெற்றியும் மூன்று மூன்று கோல் வித்தியாசம் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 17 தோல்வியின் மொத்த வித்தியாசம் 21. ஒவ்வொரு தோல்விக்கும் குறைந்தது ஒரு கோல் வேண்டும், அதில் 17 போய்விட்டது, மிச்சம் 4. ஆக, குறைந்தபட்சம் 13 ஆட்டம் ஒரே கோலில் தோற்றவை. வெற்றிகள் இன்னும் சின்னவை என்றால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறும்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோலில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்த அணி இது. அப்படிப்பட்ட அணிக்கு அடுத்த வருடம் கொஞ்சம் அதிர்ஷ்டம் திரும்பினாலே போதும். என் கட்சி அதிர்ஷ்டம்.

வலது விங்

வாத்தியார் ஐயா, 42 ஆட்டத்து சீசனையே அதிர்ஷ்டம் என்றால் நாமெல்லாம் ஏன் கால்பந்து பார்க்கிறோம், தாயம் உருட்டலாமே.

ட்ரென்ட் கரை

நான் நாட்டிங்காமில்தான் இருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை.

நம் ஊர் ஆட்களுக்கு இந்த ஊர் என்றால் ட்ரென்ட் பிரிட்ஜ் கிரிக்கெட் மைதானம்தான் ஞாபகம் வரும். அதற்குப் பக்கத்திலேயே ஆற்றங்கரையில், இந்த ஊரின் இன்னொரு கிளப்பான நாட்டிங்காம் ஃபாரஸ்டின் சிட்டி கிரவுண்ட். ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் நாட்ஸின் மெடோ லேன். இங்கிலாந்து லீக்கில் இவ்வளவு கிட்டத்தில் இரண்டு மைதானம் வேறு எங்கும் கிடையாது. பாலத்தில் நடந்தால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாறன் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டார். 1948–49 முடிவில் ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனிலிருந்து இறங்கியது. தெற்குப் பிரிவிலிருந்து மேலே போனது ஸ்வான்சீ. அதாவது 1949–50 அட்டவணையில் ஸ்வான்சீ போய் ஃபாரஸ்ட் வந்தது. வேல்ஸின் மறுகோடிக்குப் போக வேண்டிய ஒரு வெளியூர்ப் பயணம் பாலத்தைத் தாண்டும் நடையாக மாறிவிட்டது! டிசம்பர் 3ஆம் தேதி சிட்டி கிரவுண்டில் 2–1 என்று நாட்ஸ் ஜெயித்தது. 38 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். கார்னரில் வந்த பந்தை லாட்டன் தலையால் அடித்த கோலைப் பற்றி இந்த ஊர்ப் பெரியவர்கள் கேட்டதை கேட்டபடி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஃபாரஸ்ட் கோலி அசைவதற்குள் வலை ஆடிவிட்டதாம்.

ஆக, அந்த 8 "வெளியூர்" வெற்றியில் ஒன்று உள்ளூர். பட்டத்தை உறுதி செய்த ஆட்டமும் ஃபாரஸ்டுக்கு எதிராகத்தான். 1950 ஏப்ரல் 22, மெடோ லேன், 2–0, 46 ஆயிரம் பேர். மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு இந்தக் கூட்டம்.

ஜூனியர் கோலி

அக்கா, ஒரு மூன்றாம் டிவிஷன் மேட்சுக்கு 46 ஆயிரமா? வேறு வேலை இல்லையா அவர்களுக்கு?

சாயங்கால ஷிஃப்ட்

வேறு பொழுதுபோக்கு இல்லை என்பதுதான் உண்மை, தம்பி.

போர் முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை. துணிக்கு கூப்பன் 1949 மார்ச் வரை. பெட்ரோல் கட்டுப்பாடு 1950 மே வரை. சாப்பாட்டு ரேஷன் 1954 வரை இழுத்தது. வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் மிகக் கொஞ்சம். வேலை எல்லாருக்கும் இருந்தது, கையில் சம்பளம் இருந்தது, அதைக் கொண்டுபோய் வாங்கக் கடையில்தான் பொருள் இல்லை. சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்தால் நேராக மைதானம். மிகக் குறைந்த டிக்கெட் 1 ஷில்லிங் 3 பென்ஸ். 1948–49 சீசனில் மட்டும் நான்கு டிவிஷனிலும் சேர்த்து 4 கோடியே 12 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். மொத்தம் 1,848 ஆட்டம், சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 22 ஆயிரத்துக்கு மேல் வருகிறது. அந்த உச்சத்தை இங்கிலாந்து லீக் அப்புறம் எட்டவே இல்லை.

கூட்டம் என்றால் கொண்டாட்டம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1946 மார்ச்சில் போல்டனின் பர்ன்டன் பார்க்கில் நெரிசலில் 33 பேர் செத்தார்கள். நின்று பார்க்கும் படிக்கட்டு, பழைய கம்பித் தடுப்பு, கணக்கில்லாமல் உள்ளே விடுவது. அந்தக் காலத்து மைதானங்கள் பலவும் அந்த லட்சணத்தில்தான் இருந்தன.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் யாருமே அதைத் தொடவில்லை. இங்கிலாந்தின் நம்பர் ஒன் சென்டர் ஃபார்வர்ட் எதற்காக மூன்றாம் டிவிஷனுக்குப் போனார்?

நீலச்சட்டை

செல்சி ரசிகனாக பதில் சொல்ல வேண்டியது என் தலையெழுத்து. 1946–47ல் எங்களுக்கு லீக்கில் 26 கோல் அடித்தார். அப்புறம் மேனேஜர் பில்லி பிரலோடு ஒத்துப்போகவில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். நாட்ஸில் மேனேஜராக இருந்தவர் ஆர்தர் ஸ்டோலரி. அவர் முன்பு செல்சியில் உடல் பிடித்துவிடுபவராக வேலை பார்த்தவர், லாட்டனுக்கு நெருங்கிய நண்பர். நண்பனை நம்பிப் போனார், அவ்வளவுதான் கதை.

சாயங்கால ஷிஃப்ட்

நட்பு ஒரு பாதி. சம்பளச் சட்டம் மறு பாதி.

1947 முதல் ஒரு ஆட்டக்காரருக்கு உச்சபட்ச வாரச் சம்பளம் சீசனில் 12 பவுண்டு, கோடையில் 10 பவுண்டு. முதல் டிவிஷனில் ஆடினாலும் அதே 12, மூன்றாம் டிவிஷனில் ஆடினாலும் அதே 12. கையெழுத்துப் போட்டால் கிடைப்பது 10 பவுண்டு. இப்போது யோசித்துப் பாருங்கள். அர்செனல் கூப்பிட்டாலும் 12, நாட்ஸ் கூப்பிட்டாலும் 12. மேலே ஆடுவதற்குப் பணத்தில் ஒரு பைசா கவர்ச்சியும் கிடையாது. அப்புறம் எது தீர்மானிக்கும்? நண்பன், ஊர், கால்பந்துக்கு வெளியே ஒரு நல்ல வேலை கிடைக்குமா என்பது. கால்பந்துக்கு வெளியே ஒரு வேலை என்ற பேச்சு லாட்டன் விஷயத்திலும் இருந்தது.

செல்சிக்குப் போனது 20,000. வருடம் முழுக்க வாரம் 12 பவுண்டு என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 624. தன்னை விற்ற தொகையைச் சம்பாதிக்க லாட்டன் 32 வருடம் ஆட வேண்டும். கிளப் ஒப்புக்கொள்ளாமல் வேறு இடம் போகவும் முடியாது. வாங்கும்போது ஆயிரக்கணக்கு, கூலி கொடுக்கும்போது எண்ணி எண்ணி. 1961ல் இந்த உச்சவரம்பை உடைக்கும்வரை இதே கதை.

நாட்ஸ் கவுண்டியின் அந்தப் பட்டம் என்னைப் பொறுத்தவரை அந்த அநியாயச் சட்டத்தின் குழந்தை. சம்பளத்துக்கு வரம்பு இல்லாத உலகத்தில் லாட்டனை ஒரு மூன்றாம் டிவிஷன் கிளப் கனவில்கூட வாங்கியிருக்க முடியாது.

வலது விங்

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அநியாயம்தான், ஆனால் அதனால் பட்டியல் சுவாரசியமாக இருந்தது. இன்றைக்கு எந்த நாலு அணி மேலே வரும் என்று ஆகஸ்டிலேயே எழுதி வைத்துவிடலாம்.

சாயங்கால ஷிஃப்ட்

சுவாரசியம் உங்களுக்கு, 12 பவுண்டு அவருக்கு. நன்றாக இருக்கிறது நியாயம்.

கணக்கு வாத்தியார்

சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த 20,000 போட்ட பணம் திரும்பியதா என்று பார்ப்போம். அப்போது 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு; 1 ஷில்லிங் 3 பென்ஸ் டிக்கெட்டில் 16 பேர் வந்தால் ஒரு பவுண்டு. லாட்டனைப் பார்க்கக் கூடுதலாக 10 ஆயிரம் பேர் வந்தால் ஒரு ஆட்டத்துக்கு 625 பவுண்டு. இதில் கேளிக்கை வரி போகும், வந்த அணிக்கு வசூலில் 20 சதவீதம் போகும். அந்த 20 சதவீதம் நாட்ஸுக்கும் வெளியூரில் கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. லாட்டன் போகும் ஊரெல்லாம் கூட்டம் என்றால் அங்கேயும் பங்கு. ஆக, அந்த வருடம் வெளியூரில் 17 முறை தோற்றார்களே, அந்த ஒவ்வொரு தோல்விக்கும் காசு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

மேக்பை மாறன்

வாத்தியார் இப்போது சொன்னதிலேயே ஒரு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். லாட்டன் வருகிறார் என்றால் எதிரணிக்கு அது வருடத்தின் பெரிய ஆட்டம். மைதானம் நிரம்பி வழியும், ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். ஆல்டர்ஷாட்டிலும் டோர்க்கீயிலும் இருப்பவருக்கு இங்கிலாந்து சென்டர் ஃபார்வர்டைத் தடுக்கும் வாய்ப்பு வேறு எப்போது கிடைக்கும்? 1948–49ல் ஒவ்வொரு வெளியூர் ஆட்டமும் கோப்பை ஆட்டம் மாதிரி நடந்திருக்கும். அடுத்த வருடம் அந்தப் புதுமை கொஞ்சம் ஆறியிருக்கும்.

பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டிங்காம் இங்கிலாந்தின் நடுவில் இருக்கிறது, ஆனால் போட்டது தெற்குப் பிரிவில். பக்கத்து ஊர் மேன்ஸ்ஃபீல்டு 1947லிருந்து வடக்குப் பிரிவு! இவர்கள் எக்ஸிட்டர், டோர்க்கீ, பிரைட்டன், நார்விச் என்று ரயிலில் அலைய வேண்டும்.

கணக்கு வாத்தியார்

பயணம் இரண்டு வருடமும் ஒன்றுதானே, மாறன்? ஸ்வான்சீக்குப் பதில் பாலம் என்பதைத் தவிர.

மேக்பை மாறன்

அதுவும் சரிதான். அப்படியானால் மாறியது ஆள். ஸ்டோலரி 1949ல் போய்விட்டார், அந்த இடத்துக்கு எரிக் ஹௌட்டன் வந்தார். ஆஸ்டன் வில்லாவின் பழைய விங்கர், இங்கிலாந்துக்கு ஆடியவர், 1946 கடைசியில் ஆட்டக்காரராக நாட்ஸுக்கு வந்தவர். பின்னால் 1957ல் வில்லாவுக்கு எஃப்.ஏ. கோப்பை வாங்கிக் கொடுத்த மேனேஜரும் இவரே.

இவர் வந்த முதல் முழு சீசன்தான் 1949–50. வாங்கிய கோல் மொத்தம் 68லிருந்து 50 ஆகிறது. சொந்த மைதானத்தில் 19லிருந்து 12. அணி கொஞ்சம் அடக்கமாக ஆடக் கற்றுக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1948–49ல் எக்ஸிட்டரை 9–0, நியூபோர்ட்டை 11–1 என்று அடித்த அணி இது. நியூபோர்ட் பாவம், அதற்கு இரண்டே வருடம் முன்பு நியூகாசிலிடம் 13–0 வாங்கியிருந்தது. அந்த 11–1 இன்றுவரை நாட்ஸின் மிகப் பெரிய லீக் வெற்றி. பார்க்கிறவனுக்குத் தீபாவளி. ஆனால் 11–1க்கும் 1–0க்கும் கிடைப்பது அதே 2 புள்ளி.

அந்த 102 கோல் கொஞ்சம் ஏமாற்று. இந்த இரண்டு ஆட்டத்தில் மட்டும் 20 கோல். அதை எடுத்துவிட்டால் மீதி 40 ஆட்டத்தில் 82, ஆட்டத்துக்கு 2.05. பட்டம் வென்ற சீசனில் 42 ஆட்டத்தில் 95, அதாவது 2.26. வழக்கமான சனிக்கிழமைகளில் நாட்ஸ் அதிகம் கோல் போட்டது 1949–50ல்தான்.

வலது விங்

பார்த்தீர்களா! சுற்றிச் சுற்றி என் இடத்துக்கே வருகிறீர்கள். வழக்கமான சனிக்கிழமைகளில் கோல் கூடியது. போட்டது யார்? 31 கோல் போட்டவர்.

ஜாக்கி சூவலையும் சொல்லியாக வேண்டும். லாட்டனுக்குப் பக்கத்தில் இன்சைட் ஃபார்வர்டாக ஆடிய பையன். போர்க்காலத்தில் நாட்ஸுக்கு வந்தவர். லாட்டன் பக்கத்தில் ஆடியே தேர்ந்தவர் என்பது என் கருத்து. 1951 மார்ச்சில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே அவரை 34,500 பவுண்டுக்கு வாங்கியது, அதுவும் அன்றைய பிரிட்டிஷ் சாதனை. 1953ல் ஹங்கேரி வெம்ப்ளிக்கு வந்து 6–3 என்று இங்கிலாந்தைப் பிய்த்ததே, அதில் இங்கிலாந்தின் முதல் கோல் சூவலுடையது. நாட்ஸ் லாட்டனுக்குக் கொடுத்த பணத்தை இந்த ஒரு பையனை விற்றே லாபத்தோடு எடுத்துவிட்டது.

நீலச்சட்டை

சாதனைத் தொகை என்றதும் ஞாபகம் வருகிறது. லாட்டனின் 20,000 மூன்று மாதம்தான் தாங்கியது. 1948 பிப்ரவரியில் லென் ஷாக்கிள்டனை சண்டர்லேண்ட் 20,050க்கு வாங்கியது. அந்த 50 பவுண்டு எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜூனியர் கோலி

வாத்தியார் சார், கடைசியில் யார் சொன்னது சரி? அதிர்ஷ்டமா, ஹௌட்டனா, லாட்டனா?

கணக்கு வாத்தியார்

நான் கட்சி மாறவில்லை, ஆனால் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். 1948–49 சாம்பியன் ஸ்வான்சீயின் வெளியூர்க் கணக்கு என்ன தெரியுமா? 7 வெற்றி, 7 டிரா, 7 தோல்வி. 21 புள்ளி. நாட்ஸ் அடுத்த வருடம் 8, 5, 8. அதுவும் 21 புள்ளி. பட்டம் வாங்க வெளியூரில் யாரும் வீரம் காட்டத் தேவையில்லை, சரிபாதி ஆடினால் போதும் என்றுதான் இது காட்டுகிறது. சொந்த மைதானத்தில் ஸ்வான்சீ 20 வெற்றி, 1 டிரா, தோல்வியே இல்லை. அந்தக் கால லீக்கே சொந்த மைதானத்தில் ஜெயித்து வெளியூரில் பிழைத்துக்கொள்ளும் லீக்.

நாட்ஸ் முதல் வருடம் பிழைத்துக்கொள்ளத் தவறியது, அடுத்த வருடம் பிழைத்தது. அதில் அதிர்ஷ்டத்துக்குப் பாதி, ஹௌட்டனுக்கும் அவருடைய டிஃபென்ஸுக்கும் பாதி கொடுப்பேன். லாட்டனுக்கு அந்த 17, 3, 1 முழுவதும். இரண்டு வருடமும்.

மேக்பை மாறன்

எனக்கு இது ஏற்புடையது. ஹௌட்டன் பங்கை மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். இரண்டாவது வந்த நார்தாம்ப்டன் 51 புள்ளி, நாட்ஸ் 58. ஏழு புள்ளி இடைவெளியை அதிர்ஷ்டம் என்று சொல்ல மனம் வரவில்லை.

வலது விங்

எனக்கு ஏற்புடையது இல்லை. மேலே போனதும் என்ன ஆயிற்று பாருங்கள். 1950–51, இரண்டாம் டிவிஷன், லாட்டன் 30 ஆட்டத்தில் 9 கோல், நாட்ஸ் 17ஆம் இடம். லாட்டன் அடித்தால் பட்டம், அடிக்காவிட்டால் 17. அதே ஹௌட்டன்தானே மேனேஜர்?

ட்ரென்ட் கரை

அந்த வருடம் அவருக்கு வயது 31 ஆகிவிட்டது, விங். டிவிஷனும் மேல் டிவிஷன். 1952ல் பிரென்ட்ஃபோர்டுக்குப் போனார், அப்புறம் அர்செனல். 1957ல் மேனேஜராக மெடோ லேனுக்குத் திரும்பி வந்தார். அந்த சீசனிலேயே அணி மறுபடி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. மொத்தமாக நாட்ஸுக்கு லீக்கில் 151 ஆட்டம், 90 கோல். அதை யாராலும் குறைக்க முடியாது.

சிவப்புச் சட்டை

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஃபாரஸ்ட் ரசிகன் ஒருவன் இருக்கிறான் என்று யாருக்கும் நினைவில்லை போல. 1949–50ல் நாங்கள் நான்காவது. பில்லி வாக்கர் மேனேஜர், எந்த அவசரமும் படவில்லை. அடுத்த வருடம், 1950–51, அதே மூன்றாம் டிவிஷன் தெற்கு, இப்போது 24 அணி, 46 ஆட்டம். 110 கோல் போட்டோம், 40 வாங்கினோம், 70 புள்ளி, சாம்பியன். வாலி ஆர்டரன் மட்டும் 36 கோல். அது இன்றும் ஃபாரஸ்டின் ஒரு சீசன் லீக் சாதனை.

வெளியூர்க் கணக்குக்காக இங்கே எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். எங்களுடையது 14 வெற்றி, 4 டிரா, 5 தோல்வி. இங்கிலாந்து சென்டர் ஃபார்வர்ட் யாரையும் வாங்கவில்லை.

வலது விங்

ஆனால் முந்தின வருடம் இரண்டு ஆட்டத்திலும் எங்களிடம் தோற்றீர்கள்.

சிவப்புச் சட்டை

தோற்றோம். அதில் ஒன்றை உங்கள் வெளியூர் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டதற்கு நன்றியாவது சொல்லுங்கள்.